பையில் அடங்கும் ரைபிள்: எடையைப் பார்ப்பதா, குறியைப் பார்ப்பதா?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் குடியிருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. கோடை முடியும் நேரத்தில் முதுகுப் பையோடு சாடூத் மலைப்பக்கம் நடந்துபோய், கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் தங்குவது வழக்கம். உடன் வரும் நண்பர்கள் கிரவுஸ் பறவை, முயல் வேட்டைக்கு அழைக்கிறார்கள். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமச் சீட்டும் வாங்கிவிட்டேன். துப்பாக்கி அனுபவம் என்றால், கல்லூரியில் என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ சுட்டதோடு சரி.

இரண்டாகக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளும் டேக்டவுன் .22 ரைபிள் ஒன்று வாங்க நினைக்கிறேன். கடையில் ஹென்றி ஏ.ஆர்.-7, ரூகர் 10/22 டேக்டவுன் இரண்டையும் எடுத்துக் காட்டினார்கள். முதலாவது எடையும் குறைவு, விலையும் குறைவு. எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது, முழங்காலும் முன்போல் இல்லை. அதனால் இலேசானதையே வாங்கிவிடலாமா? கழற்றி மாட்டினால் குறி தப்பும் என்கிறார்களே, உண்மையா? ஸ்கோப் வைப்பது நல்லதா? கரடி எதிரே வந்தால் இது உதவுமா? எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவரும் எங்களோடு வருவார். அவரும் இதை வாங்கிச் சுட்டுப் பார்க்கலாமா?

— ஒரு வாசகர், பாய்சி

பதில்:

நீங்கள் சொன்ன தேவைக்கு ரூகர் 10/22 டேக்டவுனை வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழலும் பிளாஸ்டிக் கட்டையும் உள்ள மாதிரியாக, குழலின் மேலேயே குறி பொருத்தப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். எடை 4.67 பவுண்டு, அதாவது சுமார் 2.1 கிலோ. ஹென்றி ஏ.ஆர்.-7 மூன்றரை பவுண்டு, 1.6 கிலோ. வித்தியாசம் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அளவுதான். மலை ஏறும்போது அந்த அரைக் கிலோவையும் முழங்கால் உணரும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கூடாரத்திலோ சமையல் சாமானிலோ குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நேற்றுப் பட்ட இடத்திலேயே இன்றும் தோட்டா படும் என்ற நம்பிக்கையை வேறெதிலும் ஈடுகட்ட முடியாது. நீங்கள் சுடப்போவது கிரவுஸின் தலையை. அது ஏறக்குறைய ஓர் அங்குலம்.

என்.சி.சி.யில் நீங்கள் பிடித்த ரைபிளுக்கும் இவற்றுக்கும் தோட்டா ஒன்றுதான்: .22 லாங் ரைபிள். 1887ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது, இன்றுவரை அதே அளவில் வருகிறது. இதில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் பித்தளைக் குப்பியின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். சுத்தி முள் அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்பது இதைத்தான். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் குப்பியின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியது என்பதால் உள்ளே அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே இந்தத் தோட்டாவின் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. வழக்கமான ஈயக் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேகம் வினாடிக்கு 1,050 முதல் 1,250 அடி வரை. தோளில் உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஐம்பது தோட்டா உள்ள பெட்டி ஒன்று 170 கிராம் அளவுதான் வரும். பன்னிரண்டு கேஜ் ஷாட்கன் தோட்டா இருபத்தைந்தை எடுத்துக்கொண்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். நடந்துபோய் வேட்டையாடுபவர்கள் .22ஐ விடாமல் வைத்திருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஏ.ஆர்.-7 ஏன் அத்தனை இலேசாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது யாருக்கான துப்பாக்கி என்பதும் விளங்கிவிடும். 1950களில் அமெரிக்க விமானப் படை, விமானம் விழுந்து காட்டிலோ பனியிலோ சிக்கிக்கொள்ளும் விமானிகளுக்காக ஒரு ரைபிள் கேட்டது. கலிஃபோர்னியாவில் புதிதாகத் தொடங்கியிருந்த ஆர்மலைட் நிறுவனம் ஏ.ஆர்.-5 என்ற ஒன்றைச் செய்து கொடுத்தது. குழலும் இயந்திரப் பகுதியும் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். அது .22 ஹார்னெட் என்ற, இதைவிட வலுவான வேறு தோட்டாவுக்கானது. அதே கருத்தைப் பொதுமக்களுக்காக .22 லாங் ரைபிளில் 1959ல் கொண்டுவந்ததுதான் ஏ.ஆர்.-7. வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர், பின்னாளில் எம்-16 ஆக மாறிய ரைபிளையும் வடிவமைத்தவர். 1963ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பெட்டிக்குள்ளிருந்து துண்டு துண்டாக எடுத்து மாட்டுவார்களே, அது இதுதான். கைமாறிக் கைமாறி 1990களின் பிற்பகுதியிலிருந்து ஹென்றி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. முன்னால் தயாரித்தவர்கள் காலத்தில் கெட்டிருந்த பெயரை ஹென்றி பெருமளவு மீட்டது என்பது என் கருத்து.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. எப்போதும் சுமந்துகொண்டே இருக்க வேண்டும், பெரும்பாலும் எடுக்கவே வேண்டியிருக்காது என்ற தேவைக்காகச் செய்யப்பட்ட பொருள் இது. அந்தத் தேவைக்கு மிகப் பொருத்தமானதும்கூட. பிரித்தால் பதினாறரை அங்குலத்துக்குள் அடங்குகிறது. பையில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவோ தனியே தொலைந்துபோகவோ எதுவும் வெளியே இருக்காது, எல்லாம் கட்டைக்குள். ஐடஹோவின் உள்மலைகளில் புல்தரை ஓடுபாதைகளில் இறங்கும் சிறு விமானம் ஓட்டுகிறவருக்கும், ஆற்றில் படகோட்டிப் போகிறவருக்கும் நான் ஏ.ஆர்.-7ஐத்தான் சொல்வேன். நீங்களோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை காட்டில் நடக்கப் போகிறீர்கள்.

கையில் பிடித்தால்தான் அதன் சங்கடங்கள் தெரியும். இடது கையால் தாங்க முன்கட்டை கிடையாது, குழலையோ மேகசின் பக்கத்தையோ பிடிக்க வேண்டும். கட்டைக்குள் எல்லாவற்றையும் அடக்குவதற்காக அதன் பிடி தடித்திருக்கிறது, சிறிய கைக்கு வசதிப்படாது. விசையை இழுக்கத் துப்பாக்கியின் எடையைவிடக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மூன்றரை பவுண்டுப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரே விரலால் அதைவிட அதிகப் பலத்தோடு இழுத்தால், கடைசி நொடியில் குழல்முனை பக்கவாட்டில் நகரும். பழகியவர்கள் சமாளிப்பார்கள். என்.சி.சி.யோடு நிறுத்திவிட்டு இப்போது மறுபடி தொடங்குகிறவர் முதல் மாதத்திலேயே சலித்துப்போய்ப் பையில் போட்டுவிடுவார். எடை குறைந்தால் சுமப்பது எளிது, சுடுவது கடினம். கடைக்காரர்கள் முன்பாதியை மட்டும் சொல்வார்கள்.

அடுத்து, கழற்றி மாட்டினால் குறி தப்புமா என்ற கேள்வி. தப்பலாம், தப்பாமலும் இருக்கலாம். அது முன்குறியும் பின்குறியும் துப்பாக்கியில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. டேக்டவுன் ரைபிள் வாங்குகிற எவரும் கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழலும் ரிசீவரும் (இயந்திரப் பகுதி) சேரும் பொருத்து ஓர் அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் 50 கெஜம் என்பது 1,800 அங்குலம். அத்தனை தொலைவில் அந்த ஆட்டம் 1.8 அங்குல விலகலாகப் பெருகிவிடும். ஓர் அங்குலத் தலைக்கு அது முழுத் தவறு.

ஏ.ஆர்.-7ல் பின்குறி ரிசீவரின் மேலும் முன்குறி குழல்முனையிலும் இருக்கின்றன. குழல் ஒரு மரையால், கையால் இறுக்கி நிற்கிறது. குழலை மாட்டுகிற ஒவ்வொரு முறையும் இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள உறவு புதிதாக அமைகிறது. குழலிலுள்ள முளை ரிசீவரின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, மரையும் நன்றாக இறுகினால் பிழை சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் சுடச்சுட மரை தளரும். மேகசினை மாற்றும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

10/22 டேக்டவுனில் முன்குறி, பின்குறி இரண்டுமே குழலின்மேல் இருக்கின்றன. பொருத்து கொஞ்சம் ஆடினாலும் குழலும் குறிகளும் சேர்ந்தே ஆடும். கண் எதைப் பார்க்கிறதோ அதையே குழலும் பார்க்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் முழு விடையும் இந்த ஒரு அமைப்பில் இருக்கிறது. அதே 10/22 டேக்டவுனில் குறியே இல்லாமல், ஸ்கோப்புக்காக மட்டும் வரும் மாதிரிகளும் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம்.

10/22 ரைபிள் 1964லிருந்து வருகிறது. டேக்டவுன் வடிவம் 2012ல் வந்தது. உள்ளே எல்லாம் பழைய 10/22 தான். பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் கட்டைக்கு வெளியே துருத்தாமல் உட்கார்ந்துவிடும். அதனால் நடக்கும்போது அந்த இடத்திலேயே கையில் பிடித்துக்கொள்ளலாம். கழற்ற வேண்டுமானால் மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, முன்கட்டையின் அடியிலுள்ள சிறு நெம்பைத் தள்ளிக் குழலைத் திருகினால் வந்துவிடும். மாட்டும்போது திருகினால் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கிறது. பொருத்தின் இறுக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. புதிதாக வாங்கியதும் கையேட்டைப் பார்த்து அதை இறுக்கிவிடுங்கள். நாளடைவில் தேய்ந்து ஆட்டம் கண்டால் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. சாதாரண 10/22ன் குழலை வாய்ப்பக்கத்திலிருந்துதான் துடைக்க முடியும். கம்பி உரசி வாய் விளிம்பு தேயும் அபாயம் அதில் இருக்கிறது. இதில் குழல் தனியே வந்துவிடுவதால் பின்பக்கத்திலிருந்து துடைக்கலாம்.

இரண்டு பாதிகளும் சுமார் 20 அங்குல நீளம். கூடவே தோளில் மாட்டும் பை ஒன்றையும் தருகிறார்கள். நடைப்பயணத்துக்கு அந்தப் பை வேண்டாத சுமை, வீட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு துண்டுகளையும் தனித்தனித் துணியுறையில் போட்டு முதுகுப் பையின் பக்கங்களில் செருகினால் போதும். இரண்டும் ஒன்றாகக் கவ்விக்கொள்வதுபோல மேக்புல் நிறுவனம் எக்ஸ்-22 பேக்பேக்கர் என்ற மாற்றுக் கட்டை செய்கிறது. கட்டைக்குள் மேகசின் வைக்க இடமும் இருக்கிறது. நல்ல பொருள். ஆனால் முதல் ஆண்டு அந்தப் பணத்தைத் தோட்டாவுக்குச் செலவிடுங்கள்.

ஸ்கோப் பற்றிக் கேட்டீர்கள். 10/22ல் ஸ்கோப் ரிசீவரின் மேல் உட்காரும். அதாவது, குழல்மேல் இருந்த குறியை ஒதுக்கிவிட்டு ஏ.ஆர்.-7ன் சிக்கலை நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். ரூகரின் பொருத்து நன்றாகவே திரும்பி உட்காருகிறது, முயலின் உடலுக்கு அது போதும். கிரவுஸின் தலைக்கு வரும்போது இன்னொரு விஷயம் குறுக்கிடுகிறது. ஸ்கோப்பின் நடுக்கோடு குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும். 50 கெஜத்தில் குறி சரி செய்து வைத்த அதே துப்பாக்கியால் பத்துக் கெஜத்தில் சுட்டால், தோட்டா குறிக்கு முக்கால் அங்குலம் கீழே படும். கிரவுஸ் பெரும்பாலும் அத்தனை கிட்டத்தில்தான் கிடைக்கும். ஆளைக் கண்டதும் படபடவென்று எழும்பிப் பக்கத்து ஃபர் மரக்கிளையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். முக்கால் அங்குலம் கீழே போனால் தலைக்குப் பதிலாகக் கழுத்து அல்லது மார்பு. மார்பில் பட்டால் கறி பாழ், விளிம்பில் பட்டால் பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். குழலை ஒட்டிப் படுத்திருக்கும் திறந்த குறியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது.

ஐம்பதை நெருங்கும் கண்ணுக்குப் பின்குறி மங்கலாகத் தெரியும் என்பதும் உண்மைதான். அப்படித் தெரிந்தால், குழலின்மேலேயே பொருத்தும் தளம் ஒன்று வாங்கி, அதில் சிவப்புப் புள்ளி காட்டும் சிறிய சைட்டை வையுங்கள். முன்குறி, பின்குறி என்று இரண்டை ஒரே கோட்டில் கொண்டுவரும் வேலை இல்லை, ஒரு புள்ளியை வைத்தால் போதும். சைட் குழலோடு குழலாகவே கழன்று வரும்.

எதைப் பொருத்தினாலும் காட்டுக்குப் போகுமுன் சுடுதளத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். 25 கெஜத்தில் தாளை மாட்டி, மேசைமேல் மணல்பை வைத்து ஐந்து தோட்டா சுடுங்கள். கழற்றுங்கள், மாட்டுங்கள், அதே தாளில் இன்னும் ஐந்து. இப்படியே நான்கைந்து முறை. எல்லா ஓட்டையும் ஒரே கூட்டமாக விழுந்தால் உங்கள் துப்பாக்கியை நம்பலாம். தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்தால் வளையத்தை இறுக்கி மறுபடி பாருங்கள். கடைக்காரர், நண்பர், நான் எல்லோரும் சொல்வதைவிட அந்தத் தாள் சொல்வது மேல்.

மற்ற துப்பாக்கிகளையும் பார்த்துவிடலாம். மார்லின் பப்பூஸ் என்று ஒன்று இருந்தது. துருப்பிடிக்காத எஃகு, 3.25 பவுண்டு, ஏழு தோட்டா. இலேசாகவும் இருந்தது, கையில் பிடிக்கவும் நன்றாக இருந்தது. இப்போது புதிதாக வருவதில்லை. நல்ல நிலையில் பழையது கண்ணில் பட்டால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அதை வாங்கலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1914ல் பெல்ஜியத்தில் வெளிவந்த எஸ்.ஏ.-22, கழற்றி மாட்டும் .22களிலேயே அழகானது. கால் திருகில் இரண்டாகிவிடும், சுட்ட குப்பி அடிப்பக்கம் விழும். ஆனால் ஐந்து பவுண்டுக்கு மேல், விலையும் அதிகம். அந்தப் பளபளப்பான மரத்தைப் பாறையில் உரச எனக்கு மனம் வராது. எடையைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் கியாப்பா நிறுவனத்தின் லிட்டில் பேட்ஜர் இருக்கிறது. கம்பிக் கட்டை, ஒரே ஒரு தோட்டா, மூன்று பவுண்டுக்கும் குறைவு. கழற்றவே வேண்டாம், இரண்டாக மடங்கும். குறி மாறும் பேச்சுக்கு அதிகம் இடமில்லை. ஒரு தோட்டாதான் என்பதால் சுடுமுன் நிதானிக்கவும் வைக்கும். முழங்கால் உண்மையிலேயே தொல்லை கொடுத்தால் ஏ.ஆர்.-7க்கு முன்னால் இதைத்தான் யோசிப்பேன்.

தோட்டா விஷயத்தில் .22 துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு. ஒன்றுக்கு ஒத்துப்போகும் தோட்டா அதே மாதிரி இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, கூட்டம் நெருங்கி விழுவதையே நிறைய வாங்கி வையுங்கள். அரைத் தானியங்கி ரைபிள் என்பதால் போல்ட்டைத் தள்ளும் அளவுக்கு வேகம் வேண்டும். சி.சி.ஐ. மினிமேக் போன்ற, வினாடிக்கு 1,235 அடி வேகமுள்ள 40 கிரெய்ன் தோட்டாவில் தொடங்குங்கள். ஏ.ஆர்.-7 வாங்குகிறவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், உருண்டை முனையுள்ள அதிவேகத் தோட்டாதான் அதற்கு ஒத்துப்போகும். 50 கெஜத்தில் குறி சரி செய்து வைத்தால் 100 கெஜத்தில் தோட்டா ஆறு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்துவிடும். ஆகவே 50 கெஜத்தைத் தாண்டி உயிருள்ள எதன்மீதும் சுட வேண்டாம்.

கரடிக்கு இது உதவாது. ஐடஹோவின் கருங்கரடியை .22ஆல் சுட்டால் அதன் கோபம்தான் கூடும். கரடிக்கான மிளகாய்த் தெளிப்பான் ஒன்றை இடுப்பில், கை எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சிறு துப்பாக்கி என்று .22ஐ யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடும்போது குழல் வானத்தை நோக்கியிருக்கும். தப்பிய தோட்டா அடுத்த பள்ளத்தாக்கில், யாருடைய கூடாரத்திலோ போய் விழலாம். பறவைக்குப் பின்னால் தடித்த அடிமரமோ மலைச்சரிவோ இருக்கும்படி நீங்கள் இடம் மாறி நின்று சுடுங்கள். அப்படி இடம் கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். தண்ணீரின் மேலும் பாறைமேலும் சுடாதீர்கள், ஈயக் குண்டு எகிறித் திசை மாறும். டேக்டவுனுக்கென்று தனியாக ஒரு விதி: மாட்டும்போதும் கழற்றும்போதும் மேகசின் உள்ளே இருக்கக் கூடாது. இரண்டு கையாலும் திருகும் வேலையில் குழல்முனை எங்கே பார்க்கிறது என்பது மறந்துபோகும்.

சாடூத் பகுதி தேசியக் காடு என்பதால் வேட்டைக்கு இடமுண்டு. ஆனால் வீடு, கட்டடம், முகாமிடம் எதிலிருந்தும் 150 கெஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கே சுடுவதும் குற்றம். தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. யெல்லோஸ்டோன் போன்ற பூங்காவுக்குள் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க 2010லிருந்து அனுமதி உண்டு, சுட அனுமதி இல்லை. மலைக்காட்டுக் கிரவுஸை ஐடஹோவில் ரைபிளால் சுடலாம். வாத்துக்கு அது ஆகாது, வலசைப் பறவைகளை ரைபிளால் சுடுவதை மத்திய அரசின் சட்டமே தடுக்கிறது. பருவமும் எண்ணிக்கை வரம்பும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. கிரீன் கார்டு உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து ரைபிள் வாங்கலாம். கார்டையும் முகவரிச் சான்றையும் எடுத்துப்போங்கள். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது எண் பொறித்த ரிசீவர் உள்ள பாதிதான், குழல் வெறும் உதிரிப் பாகம். எனவே வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பாதி எது என்பதில் குழப்பம் வேண்டாம். குழந்தைகள் வந்துபோகும் வீடானால் இரண்டையும் தனித்தனியாகப் பூட்டுங்கள், தோட்டாவை வேறோர் இடத்தில் வையுங்கள்.

உங்கள் நண்பர் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவலைப்பட்டது அதற்குத்தான். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை 1998லிருந்து மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் வைத்திருப்பதில் சேர்ந்துவிடும். 2019ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கின் தொடக்கம் இதுதான்: மாணவர் விசாத் தகுதியை இழந்திருந்த ஒருவர் ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தடை அப்படியே இருக்கிறது. தடைக்கு உட்பட்டவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பதும் குற்றம். அதாவது, மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்களும்தான்.

தடைக்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமச் சீட்டு கையில் இருந்தால் அவருக்கு அந்தத் தடை பொருந்தாது. ஐடஹோவில் 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் அந்தச் சீட்டு கிடைக்கும். உங்களைப் போலவே அவரும் வகுப்பை முடித்துச் சீட்டை வாங்கட்டும். அதை எடுத்துக்கொண்டு குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். இதெல்லாம் முடியும் வரை மலைக்கு அவரைத் தாராளமாக அழைத்துப் போங்கள், துப்பாக்கியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.